மூடிய அறையில் 21,600 மூச்சு



இரண்டு மாதத்துக்கு முன் நம் இளைஞர் வகுப்பில் பிராணாயாமம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மனிதன் ஒரு நாளைக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது நம் யோக மரபில் வரும் கணக்கு. கைப்பேசியை எடுத்துத் தட்டிப் பாருங்கள் என்றேன். நிமிடத்துக்கு 15, மணிக்கு 900, ஒரு நாளுக்கு 21,600. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றுதான் இன்றைய டாக்டரும் சொல்வார். அந்தக் காலத்துக் கணக்கு இவ்வளவு நெருக்கமாக வருகிறதே என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, அக்கா பிள்ளை பெத்து எங்க வீட்லதான் இருக்காங்க. அப்பா ரூம்ல மட்டும்தான் ஏர்கோன். பாப்பாவை அங்கதான் தூங்க வைக்கிறோம். அப்பா சிகரெட் குடிக்கிறப்போ ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சுக்குவாரு. அது பரவாயில்லைதானே?"

'பரவாயில்லை' என்ற பதிலைத்தான் அவள் எதிர்பார்த்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் பிழைப்பு ஏர்கோன் சர்வீஸ். சிகரெட் குடிக்கும் வீட்டு ஏர்கோனுக்குள் என்ன இருக்கும் என்று பதினைந்து வருஷமாகப் பார்த்து வருகிறேன். அடுத்த வகுப்பில் அவளுக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பாடம்.

வாளியில் விழும் தண்ணீர்

சுவரில் மாட்டும் ஏர்கோனைக் கழுவும்போது அதன் கீழே ஒரு கேன்வஸ் கட்டுவோம். அழுக்குத் தண்ணீர் அது வழியாக வாளியில் இறங்கும். சாதாரண வீட்டில் அந்தத் தண்ணீர் சாம்பலும் கறுப்புமாக இருக்கும். தூசி, பூஞ்சை, பூனை ரோமம். சிகரெட் வீட்டில் நிறமே வேறு. மஞ்சள் கலந்த பழுப்பு, ஆறிப்போன தே ஓ மாதிரி. விரலில் பட்டால் பிசுபிசுக்கும். வாடை கையை விட்டுப் போக இரண்டு முறை சோப்பு போட வேண்டும்.

நிறைய பேர் ஒரு தப்பான எண்ணத்தில் இருக்கிறார்கள். ஏர்கோன் வெளியிலிருந்து நல்ல காற்றை இழுத்து உள்ளே விடுகிறது, உள்ளே இருக்கும் கெட்ட காற்றை வெளியே தள்ளுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. வீட்டில் நாம் மாட்டும் ஏர்கோனில் வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் செம்புக் குழாயில் கேஸ் மட்டும்தான் ஓடுகிறது. காற்று ஓடுவதில்லை. உள்பெட்டி அறைக் காற்றையே மேலே இழுத்து, குளிர வைத்து, கீழே விடும். மறுபடி அதையே இழுக்கும். இரவு முழுக்க அதே காற்றுதான். உள்ளே இருக்கும் வலை ஃபில்டர் பஞ்சையும் முடியையும் பிடிக்கும். சிகரெட் புகையின் துகளுக்கு அந்த வலையின் ஓட்டை பெரிய கேட் மாதிரி. தாராளமாகப் போய் வரும். போகிற வழியில் கொஞ்சம் காயிலிலும் விசிறியிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் வாளியில் பார்க்கிறேன். மீதி எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். அந்த அறையில் மூச்சு விட்டவர்களிடம் போனது.

குடிக்கிறவர் இழுக்காத புகை

ஒரு சிகரெட் எரிய ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் பத்து முறை இழுப்பார். ஒரு இழுப்புக்கு இரண்டு விநாடி. ஆக மொத்தம் இருபது விநாடிதான் அவர் இழுக்கிறார். மீதி ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் அது விரலிடுக்கிலோ சாம்பல் தட்டிலோ சும்மா புகைந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகையை யாரும் இழுக்கவில்லை. அது நேராக அறைக்குப் போகிறது. அறையில் சேரும் மொத்தப் புகையில் சுமார் 85 சதவீதம் இந்த நுனிப் புகைதான். குடிக்கிறவர் ஊதித் தள்ளுவது மிச்சம் மட்டுமே.

இரண்டும் ஒரே புகை என்று நினைக்காதீர்கள். இழுக்கும்போது நெருப்புக்குக் காற்று கிடைக்கிறது, நுனி 900 டிகிரி வரை சூடேறுகிறது. சும்மா இருக்கும்போது சூடும் குறைவு, காற்றும் குறைவு. அரைகுறையாக எரிகிறது. ஈர விறகு அடுப்பில் புகைவதைத் தோட்டத்து வீட்டில் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் பாட்டியிடம் கேளுங்கள். நன்றாக எரியும் விறகைவிட எரியாத விறகுதான் கண்ணைக் கலங்க வைக்கும். அதனால்தான் அமோனியா, கார்பன் மோனாக்சைடு, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் போன்றவை இழுக்கும் புகையைவிட இந்த நுனிப் புகையில் அதிகம். அதோடு குடிக்கிறவருக்காவது சிகரெட்டின் அடியில் ஒரு பஞ்சு இருக்கிறது. தொட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2010 அறிக்கை சொல்கிறது. 7,000 என்றதும் யாருக்கும் மனசில் ஒன்றும் பதியாது. நமக்குத் தெரிந்த நாலைந்தைப் பார்ப்போம். பென்சீன், பெட்ரோலில் இருப்பது, ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாவது. ஃபார்மால்டிஹைடு, உயிரியல் கூடத்தில் தவளையைப் போட்டு வைத்திருக்கும் போத்தலைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அது. எண்ணெய் கருகும்போது கண்ணும் தொண்டையும் எரியக் காரணமான அக்ரோலின் இதிலும் உண்டு. பெயிண்ட் தின்னரில் வரும் டோலுயீன், பேட்டரியில் இருக்கும் காட்மியம், ஆர்செனிக், ஹைட்ரஜன் சயனைடு, கதிரியக்கம் உள்ள பொலோனியம்-210 எல்லாம் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு கார் புகைக்குழாயில் வருவது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும்.

இதில் எதையாவது ஒரு போத்தலில் அடைத்து, லேபிள் ஒட்டி, தொட்டில் பக்கத்தில் வைக்க அந்தத் தாத்தா சம்மதிப்பாரா? மாட்டார். பேரப்பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர் அவர். புகையில் லேபிள் இல்லை, அதுதான் வித்தியாசம்.

உங்கள் அறைக்கு ஒரு கணக்கு

வகுப்பில் பலகையில் போட்ட கணக்கு இது. நீங்களும் போடுங்கள். தாமான் வீட்டு அறை ஒன்று 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். 1,080 கன அடி, அதாவது ஏறக்குறைய 30 கன மீட்டர். ஒரு சிகரெட் அறைக்குள் விடும் நுண்துகள் சுமார் 10 மில்லிகிராம். அது 10,000 மைக்ரோகிராம். 30-ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராமுக்கு மேல் வரும். ஒரே ஒரு சிகரெட்டுக்கு.

பிஎம் 2.5 என்ற இந்த நுண்துகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர அளவு 15 மைக்ரோகிராம். மலேசியாவின் அளவு 35. சிங்கப்பூரின் பிஎஸ்ஐ கணக்கில் ஒரு நாள் சராசரி 250-ஐத் தாண்டினால் 'அபாயகரம்'. 2019 செப்டம்பர் ஹேஸ் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடங்களை மூடினார்கள், எல்லாரும் மாஸ்க் தேடி அலைந்தோம். அந்தப் புகை சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வந்தது. இது கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். ஹேஸ் எண் ஒரு நாள் முழுக்க எடுத்த சராசரி. சிகரெட் துகள் ஏறி, பிறகு இறங்கும். ஆனால் மூடிய அறையில் அது இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம், அதற்குள் அடுத்ததைப் பற்ற வைத்துவிடுவார்கள். காரை நினைத்தால் இன்னும் மோசம். மைவி மாதிரி சின்னக் காரின் உள்ளே மூன்று கன மீட்டர் காற்று என்று வையுங்கள். கணக்கை நீங்களே போடுங்கள். தம்பி தங்கச்சியை டியூஷனுக்குக் கூட்டிப் போகிற கார் அது.

இப்போது அந்தப் பாப்பாவின் மூச்சு. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும். நடுவாக 40 என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 57,600. நம் 21,600 எங்கே, இது எங்கே! உடல் எடைக்குப் பார்த்தால் பிள்ளை நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே எடுக்கிறது. அதுவாக எழுந்து வெளியே போகவும் முடியாது. இந்தப் புகைக்குள் வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா, நெஞ்சுச்சளி, நிமோனியா, காதில் சீழ் எல்லாம் அதிகம் வருகின்றன. தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது.

பெரியவர்களுக்கும் தப்பில்லை. 1981-இல் ஜப்பானின் தாகேஷி ஹிரயாமா, சிகரெட்டைத் தொடாத 91,540 மனைவிமார்களை 14 வருஷம் கவனித்த முடிவை வெளியிட்டார். நிறைய சிகரெட் குடிக்கும் கணவரின் மனைவிக்கு, குடிக்காதவரின் மனைவியைவிட நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. புகையிலைக் கம்பெனிகள் அவரோடு சண்டைக்குப் போயின. பிறகு வந்த ஆய்வுகள் அவர் சொன்ன திசையையே காட்டின. அடுத்தவர் புகையால் மட்டும் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

ஜன்னல், ஃபேன், மெஷின்

தங்கச்சி கேட்ட கேள்விக்கு வருவோம். ஜன்னலைத் திறந்தால் குறையும், போகாது. காற்று எப்போதும் உள்ளேயிருந்து வெளியே மட்டும் அடிக்காது. பல நேரம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, புகையைக் கதவிடுக்கு வழியாக ஹாலுக்குத் தள்ளிவிடும். ஃபேன் புகையைக் கலக்கிவிடும், அவ்வளவுதான். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் என்று ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்குகிறார்கள். நல்ல மெஷின் துகளைப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு மாதிரி வாயுவை அதன் ஃபில்டர் பிடிக்காது. கட்டடக் காற்றோட்டத்துக்கு உலகம் முழுக்க விதிமுறை எழுதும் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கமே, உள்ளே புகைப்பதை நிறுத்துவது தவிர வேறு எந்தக் காற்றோட்ட வசதியும் இந்த ஆபத்தை நீக்காது என்று சொல்லிவிட்டது. ஏர்கோன்காரன் நானும் அதையேதான் சொல்கிறேன். இதற்கு விற்க என்னிடம் பொருள் எதுவும் இல்லை.

புகை கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் நிக்கோட்டின் திரையிலும் மெத்தையிலும் சுவரிலும் படிந்து கிடக்கும். அது காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைனாக மாறுகிறது என்று 2010-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் காட்டியது. பிள்ளை தவழ்வதும் கையை வாயில் வைப்பதும் அங்கேதான். வேப் வைத்திருக்கும் தம்பிமார்கள் சிரிக்க வேண்டாம். அது வெறும் தண்ணீர் ஆவி இல்லை. அதிலும் நிக்கோட்டினும் நுண்துகளும் வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 ஜனவரி 1 முதல் மலேசியாவில் சாப்பாட்டுக் கடையில் சிகரெட் குடிக்க முடியாது, மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும். சிங்கப்பூரில் 2013 முதல் அடுக்குமாடியின் பொது நடைபாதையிலும் படிக்கட்டிலும் கூடாது. வீட்டுக் கதவுக்குள் சட்டம் வராது. மாமாக் கடையில் முன்பின் தெரியாதவருக்குக் கிடைக்கும் காற்று, வீட்டில் சொந்தப் பேத்திக்குக் கிடைப்பதில்லை.

"அப்போ சாம்பிராணி?"

இதை ஒரு தம்பி கேட்டான். கேட்பான் என்று தெரியும். "சாமி ரூம்ல ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் போடுறோம். பாப்பாவைக் குளிப்பாட்டி சாம்பிராணிப் புகை காட்டுறாங்க. அதுவும் புகைதானே அண்ணே?"

ஆமாம், அதுவும் புகைதான். எது புகைந்தாலும் துகள் வரும், பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் வரும். சிங்கப்பூரில் 61,000-க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல வருஷம் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு, வீட்டில் நெடுங்காலம் ஊதுபத்தி எரித்தவர்களுக்கு மேல் சுவாசப் பாதையில் சில வகைப் புற்றுநோய் அதிகம் என்று கண்டது. நம் வழிபாட்டுப் பொருள் என்பதற்காக அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சிகரெட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. சாம்பிராணியில் நிக்கோட்டின் இல்லை. ஒரு நாளைக்கு இருபது முறை கை அதைத் தேடுவதும் இல்லை. ஆனாலும் ஏர்கோன் போட்டு மூடிய அறையில் கொத்தாக ஊதுபத்தி ஏற்றுவது தேவையில்லாதது. கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து ஒன்று ஏற்றினால் போதும். பச்சைப் பிள்ளையின் தலையை சுத்தமான துணியால் துவட்டினாலே காயும், புகைக்கு மேல் பிடிக்க வேண்டாம். இதைப் பாட்டியிடம் சொல்லும் துணிச்சல் நமக்கு இருந்தால்தான் சிகரெட்டைப் பற்றி அப்பாவிடம் பேசும் தகுதியும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சொல்வது எப்படி

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டினேன். எனக்குப் பத்தொன்பது வயது, வேலை பழகிய முதல் வருஷம். எங்கள் வீட்டு ஏர்கோனை முதல்முறையாக நானே கழுவினேன். வாளியில் அந்தப் பழுப்புத் தண்ணீர். அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு பின்பக்கம் கொண்டுபோய்க் காலுவாயில் ஊற்றிவிட்டேன். பெரியவரிடம் இதையெல்லாம் காட்டுவது மரியாதை இல்லை என்று பட்டது. அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. கடைசி சில வருஷம் இருமிக்கொண்டேதான் இருந்தார். அது அப்பாவின் புகையால் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த வாளியை அன்றைக்கு ஏன் காட்டவில்லை என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அதனால் தங்கச்சியிடம் நான் சொன்னது இது. 'நிறுத்துங்க' என்று ஆரம்பிக்காதே. முப்பது வருஷப் பழக்கம், நிக்கோட்டின் லேசில் விடாது. நீ நிறுத்து என்பாய், அவர் கோபப்படுவார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இடத்தை மட்டும் கேள். "அப்பா, பாப்பா இருக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்ட போய் குடிங்கப்பா. உள்ள வந்ததும் கையைக் கழுவிட்டு, சட்டையை மாத்திட்டு பாப்பாவைத் தூக்குங்க." வாசற்படி போதாது, கதவு திறந்திருந்தால் புகை திரும்ப உள்ளே வரும். அவராக நிறுத்த நினைத்தால் அரசாங்கக் கிளினிக்கில் அதற்கு உதவும் சேவை இருக்கிறது, அதைப் பிறகு சொல்லலாம். வீட்டுக்குள் குடிக்கக்கூடாது என்று ஆனாலே பலருக்கு எண்ணிக்கை தானாகக் குறைகிறது.

அவள் வாயால் சொல்லவில்லை. அறையை அளந்து, 300 மைக்ரோகிராம் கணக்கை ஒரு தாளில் போட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். அப்பா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்டு, என் நம்பரை வாங்கி, எனக்கே போன் போட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஏர்கோனைக் கழுவ எவ்வளவு என்று கேட்டார்.

போன சனிக்கிழமை போனேன். வாளித் தண்ணீரை இந்த முறை ஊற்றவில்லை, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார். "இவ்வளவா தம்பி?" என்றார். கிளம்பும்போது கவனித்தேன். கேட் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் மணல் போட்ட மைலோ டின். வெயில் நேராக அடிக்கும் இடம். மழைக்கு என்று ஒரு குடையைக் கேட்டிலேயே மாட்டி வைத்திருந்தார்.